கனடாவில் தேர்தலில் நிற்கிறீர்களா? செலவில் 60 வீதத்தைத் திரும்பப் பெறும் வழி

கனடாவின் நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிடும் வேட்பாளருக்கு, அவர் கட்டிய தேர்தல் செலவில் 60 வீதத்தை அரசு திருப்பித் தருகிறது. தோற்றாலும் தருகிறது. ஊரிலிருந்து வந்த பலர் இதைக் கேட்டதும் 'சும்மா சொல்லாதையுங்கோ' என்பார்கள். நமக்குத் தெரிந்தது கட்டுப்பணம்தான். இந்தியாவில் ஆறில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும். வாங்கினாலும் கட்டிய அந்தக் காசு மட்டும்தான் திரும்ப வரும். சுவரொட்டிக்கும் மைக் செட்டுக்கும் ஆன செலவை யாரும் தரப்போவதில்லை. கனடாவில் கதை வேறு. இங்கே 1,000 டொலர் கட்டுப்பணம் என்று ஒன்று இருந்தது. 2017-இல் அல்பேர்ட்டா நீதிமன்றம் ஒன்று அது அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்னது, அதற்குப் பிறகு சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். இப்போது நியமனத்துக்குக் காசு வேண்டாம். தொகுதியிலுள்ள 100 வாக்காளர்களின் கையெழுத்துப் போதும், சில தொலைதூரத் தொகுதிகளில் 50.

நம்மவர்கள் இந்தக் களத்துக்குப் புதியவர்கள் அல்ல. 2011-இல் ராதிகா சிற்சபைஈசன் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போன முதல் தமிழரானார். 2015-இல் ஹரி ஆனந்தசங்கரி வென்றார். வென்றவர்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குப் பின்னால் இரவிரவாகப் பற்றுச்சீட்டு அடுக்கிய ஆட்களை யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த ஆட்களுக்கும், முதல் தடவை நிற்க யோசிப்பவர்களுக்கும். இது மத்திய நாடாளுமன்றத் தேர்தலுக்கான விதி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாகாணத்துக்குச் சட்டம் வேறு, நகரசபைக்கு வேறு. ரொறன்ரோ நகரசபைத் தேர்தலில், எடுத்துக்காட்டாக, வேட்பாளருக்கு அல்ல, நன்கொடை கொடுத்தவருக்குத்தான் நகரசபை ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

யாருக்குக் கிடைக்கும்?

வென்றவருக்கு, அல்லது தொகுதியில் செல்லுபடியான வாக்குகளில் 10 வீதமாவது எடுத்தவருக்கு. நிபந்தனை அவ்வளவுதான். 50,000 செல்லுபடியான வாக்குகள் விழுந்த தொகுதியில் உங்களுக்கு 5,000 வேண்டும். 4,990 எடுத்தால் ஒரு சதமும் இல்லை. பாதிக் காசு, கால்வாசிக் காசு என்ற பேச்சே கிடையாது.

இந்த ஏற்பாடு 1974-இல் வந்தது. அப்போது 15 வீத வாக்கு எடுக்க வேண்டியிருந்தது. 2004-இலிருந்துதான் கோடு 10 வீதத்துக்கு இறங்கியது. திருப்பித் தரும் பங்கும் 50-இலிருந்து 60 வீதமாக ஏறியது. காசுக்காரர் மட்டும் தேர்தல் கேட்கக் கூடாது என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான், ஆனால் நடைமுறையில் இதனால் அதிகம் பயன்பெறுவது பெரிய கட்சிகளின் வேட்பாளர்களே. சுயேச்சையாக நிற்பவர் 10 வீதம் தொடுவது அபூர்வம். ஆகவே சுயேச்சை வேட்பாளராக நிற்கும் எண்ணம் இருந்தால், இந்த மீளளிப்பு, அதாவது அரசு திருப்பித் தரும் காசு, வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். வந்தால் சந்தோஷம், வராது என்று வைத்தே திட்டம் போடுங்கள். கட்சி வேட்பாளரும், அந்தத் தொகுதியில் தம் கட்சி கடந்த இரண்டு, மூன்று தேர்தல்களில் எத்தனை வீதம் எடுத்தது என்று பார்த்துவிட்டுத்தான் வரவு செலவுத் திட்டம் எழுத வேண்டும். அந்தத் தரவு, மத்திய தேர்தல்களை நடத்தும் எலெக்ஷன்ஸ் கனடா அமைப்பின் தளத்தில் வாக்குச்சாவடி வாரியாகவே கிடைக்கிறது.

ஒரு டொலர் கைநீட்டி வாங்குவதற்கு முன்

மீளளிப்புக்கான வேலை வாக்கு எண்ணி முடிந்த பிறகு தொடங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. செய்த செலவு முழுவதற்கும் 60 வீதம் வருமா, அதில் ஒரு பகுதிக்கு மட்டும் வருமா என்பது பிரசாரம் தொடங்கிய முதல் வாரத்திலேயே பெருமளவு முடிவாகிவிடும். காரணம், அரசு திருப்பித் தருவது நீங்கள் 'செய்த' செலவை அல்ல. முறையாகக் கணக்கில் வந்து, முறையான ஆள், முறையான வங்கிக் கணக்கிலிருந்து 'கட்டிய' செலவை.

அந்த முறையான ஆள்தான் அதிகாரபூர்வ முகவர். நன்கொடை வாங்கவோ செலவு செய்யவோ முன் இவரை நியமித்துவிட வேண்டும். வேட்பாளர் தமக்குத் தாமே முகவராக இருக்க முடியாது. கணக்காய்வாளரும் முகவராக இருக்க முடியாது. கடன் தீராத வங்குரோத்துக்காரரும் ஆகாது. கூட்டம் சேர்க்கத் தெரிந்தவரை, மேடையில் பேசத் தெரிந்தவரை இந்தப் பதவிக்குப் போடாதீர்கள். 'இதுக்குப் பில் எங்க?' என்று வேட்பாளரையே முகத்துக்கு நேரே கேட்கக்கூடிய ஆள் வேண்டும். நம்மிடையே மரியாதைக்காக ஊர்ப் பெரியவர் ஒருவரை முகவராகப் போட்டுவிட்டு, கணக்கை வேறு யாரோ ஒரு தம்பி பார்க்கும் வழக்கம் இருக்கிறது. இது ஆபத்து. சட்டம் பொறுப்புக் கேட்கப்போவது தாளில் பெயர் உள்ளவரிடம்.

அடுத்தது வங்கிக் கணக்கு. இந்தத் தேர்தலுக்கென்றே தனிக் கணக்கு. முகவரின் பெயரும் அவர் அதிகாரபூர்வ முகவர் என்பதும் கணக்கின் பெயரில் இருக்க வேண்டும். வரும் காசு எல்லாம் அதற்குள், போகும் காசு எல்லாம் அதிலிருந்து. வேட்பாளரின் கடனட்டையில் தட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்ற பேச்சு வரக் கூடாது. வங்கிகள் எல்லாவற்றுக்கும் இப்படியொரு கணக்குப் பழக்கமில்லை. கிளையில் உள்ளவர் உங்களையும் உங்கள் தாள்களையும் மாறி மாறிப் பார்ப்பார். முகவரின் நியமனக் கடிதம், அடையாள ஆவணங்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். தேர்தல் அறிவித்த வாரத்தில் போனால் நேரம் வீணாகும், முடிந்தால் முன்பே போங்கள். 2025-இல் மார்ச் 23 அன்று தேர்தலை அறிவித்தார்கள், ஏப்ரல் 28 வாக்களிப்பு. மொத்தம் 36 நாள்தான். அதில் ஒரு வாரம் வங்கி வாசலில் போனால் மிச்சம் என்ன?

மூன்றாவது ஆள் கணக்காய்வாளர். அங்கீகாரம் பெற்ற தொழில்முறைக் கணக்காளராக இருக்க வேண்டும். முகவரை நியமித்த கையோடு இவரையும் நியமிக்க வேண்டும். நியமனப் பத்திரத்தில் இருவரின் பெயரும் சம்மதமும் கேட்பார்கள். இவருடைய கட்டணத்துக்கும் அரசு ஒரு எல்லைவரை உதவித்தொகை தருகிறது, அதனால் காசு மிச்சம் பிடிப்பதாக நினைத்து இங்கே கை வைக்க வேண்டாம்.

காசு எங்கிருந்து வரலாம்?

இங்கேதான் நம் சமூகத்தில் நல்ல மனத்தோடு செய்யும் தவறுகள் அதிகம். நன்கொடை கொடுக்கக்கூடியவர் தனிநபர் மட்டுமே. அவரும் கனடியக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். கம்பனி கொடுக்க முடியாது. தொழிற்சங்கம் முடியாது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், எதுவுமே முடியாது. படிக்க வந்த மருமகன், வேலை அனுமதியில் இருக்கும் நண்பர், யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இலண்டனிலோ இருக்கும் பாசக்கார மாமா, இவர்களிடம் நிரந்தர வதிவுரிமையோ குடியுரிமையோ இல்லையென்றால் வாங்கவே கூடாது. முதலாளி தன் ஊழியர்களின் பெயரில் பிரித்துப் போடுவதும் குற்றம்.

தொகைக்கும் எல்லை உண்டு. 2025-இல் ஒருவர் ஒரு கட்சியின் வேட்பாளர்களுக்கும் தொகுதிச் சங்கங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,750 டொலர் கொடுக்கலாம் என்றிருந்தது; கட்சித் தலைமைக்குத் தனியாக இன்னொரு 1,750. இந்தத் தொகை ஒவ்வொரு சனவரியும் 25 டொலர் கூடும், ஆகவே அந்தந்த ஆண்டின் கணக்கைப் பாருங்கள். வேட்பாளர் தம் சொந்தக் காசில் 5,000 டொலர்வரை தம் பிரசாரத்துக்குப் போடலாம். நோட்டாகக் கொடுத்தால் 20 டொலருக்கு மேல் வாங்காதீர்கள். 20 டொலருக்கு மேற்பட்ட நன்கொடை எதுவானாலும் கொடுத்தவரின் பெயரும் பற்றுச்சீட்டும் வேண்டும். கலியாண வீட்டு மொய்ப்பெட்டி போல வாசலில் ஒரு பெட்டியை வைத்து அள்ளிக்கொண்டு வரும் வேலை இங்கே சரிவராது.

கொடுத்தவருக்கும் வரியில் சலுகை உண்டு: முதல் 400 டொலருக்கு 75 வீதம், அடுத்த 350-க்கு 50 வீதம், அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு, ஆண்டுக்கு மொத்தம் 650 டொலருக்கு மேல் இல்லை. ஆக, 400 டொலர் கொடுப்பவருக்கு உண்மையில் கையைக் கடிப்பது 100 டொலர். அந்த 400-ஐ நீங்கள் முறையாகச் செலவு செய்து 10 வீத வாக்கும் எடுத்துவிட்டால் 240 திரும்பவும் உங்கள் பிரசாரத்துக்கு வருகிறது. நன்கொடை கேட்கத் தயங்குபவர்கள் இந்தக் கணக்கைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டு பேசலாம். ஒன்று மட்டும் கவனம்: தேர்தல் அதிகாரி உங்கள் நியமனத்தை உறுதிசெய்வதற்கு முன் வேட்பாளர் கணக்குக்கு வந்த காசுக்கு முகவர் வரிப் பற்றுச்சீட்டு எழுதக் கூடாது. பொருளாகவோ சேவையாகவோ கொடுத்ததற்கும் வரிச் சலுகை இல்லை.

எது தேர்தல் செலவு?

தேர்தல் அறிவித்த நாளிலிருந்து வாக்களிப்பு முடியும்வரை, வேட்பாளரை முன்னிறுத்தவோ எதிராளியை எதிர்க்கவோ பயன்படுத்திய பொருளும் சேவையும் தேர்தல் செலவு. எப்போது வாங்கினீர்கள் என்பது அல்ல, எப்போது பயன்படுத்தினீர்கள் என்பதுதான் கேள்வி. போன மாதம் அடித்த துண்டுப் பிரசுரம் தேர்தல் காலத்தில் வீடு வீடாகப் போனால் அது தேர்தல் செலவு. அலுவலக வாடகையை மூன்று மாதத்துக்குக் கட்டியிருந்தாலும் தேர்தல் காலத்துக்கு உரிய பங்குதான் இதில் சேரும். மற்றது மீளளிப்புக்கு வராது. வாக்களிப்பு முடிந்த இரவு மண்டபத்தில் போட்ட விருந்தும் அப்படித்தான். வென்ற மகிழ்ச்சியில் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அரசு பங்கு தராது.

வீட்டு முற்றத்தில் நடும் விளம்பரப் பலகையை, நாம் சொல்லும் சைனை, எடுத்துக்கொள்வோம். போன தேர்தலில் நின்றபோது அடித்த 400 சைன் யாருடைய கராஜிலோ கிடக்கிறது. பெயர் அதே பெயர், படமும் பரவாயில்லை. எடுத்து நட்டுவிட்டால் செலவில்லை என்று நினைப்போம். செலவுதான். இன்று அதே சைனைப் புதிதாக அடித்தால் என்ன விலையோ அந்தப் பெறுமதி உங்கள் செலவு உச்சவரம்பில், அதாவது தொகுதியில் செலவு செய்யக்கூடிய மொத்தத் தொகையில், கழியும். ஆனால் இந்தத் தடவை யாருக்கும் காசு கட்டவில்லை, ஆகவே மீளளிப்பில் அது வராது. வரம்பைத் தின்னும், வரவு தராது. தொகுதிச் சங்கமோ தனிநபரோ பொருளாகக் கொடுத்த எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பழைய சைனைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. மரச்சட்டமும் பிளாஸ்டிக்கும் குப்பைக்குப் போவதைவிட அது எவ்வளவோ மேல். கணக்கில் எழுதிவிட்டு நடுங்கள் என்கிறேன்.

அடுத்தது அச்சகம். தெரிந்த அண்ணை ஒருவர் அச்சகம் வைத்திருப்பார். '5,000 நோட்டீஸ்தானே, காசை விடுங்கோ தம்பி, வெண்டாப் பிறகு பாப்பம்' என்பார். பாசம்தான். ஆனால் அந்த அச்சகம் ஒரு கம்பனி என்றால், இலவசமாக அடித்துக் கொடுத்தது சட்டவிரோத நன்கொடை. அவர் தம் பெயரில் தனி ஆளாகத் தொழில் நடத்துகிறார் என்றால் அது பொருள் வடிவ நன்கொடை. அவருடைய ஆண்டு எல்லைக்குள் அடங்க வேண்டும். எப்படியானாலும் கட்டாத நோட்டீசுக்கு 60 வீதம் வராது. ஆகவே அண்ணையிடம் கும்பிட்டுச் சொல்லுங்கள்: வழக்கமான விலைக்குப் பில் போடுங்கோ, நாங்கள் காசு கட்டுறம், உதவ விரும்பினால் உங்கடை சொந்தக் காசில் தனியாக நன்கொடை தாங்கோ. அவருக்கு வரிச் சலுகை, உங்களுக்கு மீளளிப்பு. இரண்டு பக்கமும் லாபம், சட்டமும் சரி. மண்டபம், ஒலிபெருக்கி, சாப்பாட்டுக் கடை, தமிழ் வானொலி விளம்பரம் என்று எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

தொண்டர்களின் உழைப்புக்குக் கணக்கு இல்லை. மாலை வேலை முடித்துவிட்டு வந்து கதவு தட்டுபவர், தொலைபேசி எடுப்பவர், வாக்காளர் பட்டியலைக் கணினியில் ஏற்றுபவர், யாருடைய நேரத்துக்கும் விலை போட வேண்டாம். ஒரே விலக்கு, சுயதொழில் செய்பவர் தாம் வழக்கமாகக் காசு வாங்கிச் செய்யும் வேலையையே உங்களுக்கு இலவசமாகச் செய்தால் அது தொண்டு ஆகாது. கலியாணப் படம் எடுத்துப் பிழைக்கும் புகைப்படக்காரர் கதவு தட்டினால் தொண்டு. படம் எடுத்தால் நன்கொடை. அந்தத் தொழிலில் இல்லாத ஒருவர் கொடுத்த பொருளோ சேவையோ 200 டொலருக்கு மேல் போகாவிட்டால் அதன் பெறுமதியைப் பூச்சியமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரு அக்கா வீட்டிலிருந்து ஒரு தட்டு வடை கொண்டுவந்ததற்கு யாரும் பில் கேட்கப் போவதில்லை.

ஆனால் கடையில் வாங்கிய ரோல்ஸுக்கும் கொத்துரொட்டிக்கும் பில் வேண்டும். தொண்டர் சாப்பாடும் தேர்தல் செலவே, அதில் 60 வீதம் வரும். ஒவ்வொரு நாளும் 40, 45 டொலர் என்று போகும் இந்தச் சில்லறைதான் கடைசியில் காணாமல் போகிறது. 50 டொலரும் அதற்கு மேலும் என்றால், என்ன வாங்கியது என்று விவரம் உள்ள பில்லும் கட்டியதற்கான சான்றும் வேண்டும். அதற்குக் கீழே என்றால் கட்டிய சான்றும் எதற்கு என்ற குறிப்பும் போதும். சில்லறைச் செலவுக்கு முகவர் எழுத்தில் ஒருவரை நியமித்து இவ்வளவுவரை என்று தொகையும் குறிக்கலாம். அந்த ஆளின் காரில் ஒரு கடித உறையை வைத்துவிடுங்கள். கடைகள் கொடுக்கும் வெப்பத்தாள் பில் சில வாரத்தில் வெளிறிப் போகும். அன்றிரவே கைபேசியில் படம் எடுத்து, பின்பக்கம் எதற்கு என்று எழுதி வையுங்கள். அலுப்பான வேலைதான். மூன்று மாதம் கழித்து வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு யோசிப்பதைவிடப் பரவாயில்லை.

பெண்கள், சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைப் பலரும் சொல்வதில்லை. தேர்தலுக்காகக் கூடுதலாக ஆன பிள்ளைப் பராமரிப்புச் செலவில் 60 அல்ல, 90 வீதம் திரும்ப வரும். வலுவிழந்த பெற்றோரையோ வேறொருவரையோ பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவுக்கும், வேட்பாளரே மாற்றுத்திறனாளி என்றால் அது தொடர்பான செலவுக்கும் 90. மாற்றுத்திறனாளிகள் வந்து போகச் சாய்தளம் அமைப்பது, கூட்டத்தில் சைகைமொழி பெயர்ப்பாளர் வைப்பது போன்ற அணுகல் வசதிச் செலவிலும் 90 வீதம். இதற்கு மட்டும் 5,000 டொலர் என்ற எல்லை. 'பிள்ளைகளை வைச்சுக்கொண்டு எப்பிடி நிக்கிறது' என்று தயங்குபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

விளம்பரம் எதுவானாலும் 'இன்ன வேட்பாளரின் அதிகாரபூர்வ முகவரின் அனுமதியோடு' என்ற வரி இருக்க வேண்டும். சிறிய எழுத்தில் போட்டாலும் போட வேண்டும்.

உச்சவரம்பு

ஒவ்வொரு தொகுதிக்கும் எவ்வளவு செலவு செய்யலாம் என்று எலெக்ஷன்ஸ் கனடா அறிவிக்கும். வாக்காளர் எண்ணிக்கை, விலைவாசி, பரந்த தொகுதியா என்பதைப் பொறுத்து மாறும். பெரும்பாலான தொகுதிகளில் 100,000 டொலருக்கு மேலே வரும். தாண்டினால் மீளளிப்பில் வெட்டு: 5 வீதத்துக்குள் தாண்டினால் தாண்டிய ஒவ்வொரு டொலருக்கும் ஒரு டொலர், 5-க்கு மேல் 2 டொலர், 10-க்கு மேல் 3, 12.5-க்கு மேல் 4. வேண்டுமென்றே தாண்டினால் வெட்டோடு முடியாது, குற்ற வழக்கு. பீற்றர்பறோ தொகுதி உறுப்பினராக இருந்த டீன் டெல் மாஸ்ட்ரோ 2008 தேர்தல் செலவை மறைத்ததற்காக 2014-இல் குற்றவாளி என்று தீர்ப்பானார். அடுத்த ஆண்டு ஒரு மாதச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. 21,000 டொலரைத் தம் சொந்தக் கணக்கிலிருந்து கட்டியதுதான் பிரச்சினையின் வேர். முகவரின் கணக்கு வழியாகப் போகாத காசு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

வாக்களிப்பு முடிந்த பிறகு

சைன்களைக் கழற்றிய கையோடு, நீங்கள் காசு கொடுக்க வேண்டிய எல்லாருக்கும் முகவர் ஒரு செய்தி அனுப்ப வேண்டும்: பில்லை உடனே அனுப்புங்கள். வாக்களிப்பு நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பில் முகவர் கைக்கு வர வேண்டும் என்பது சட்டம். வந்த பில்லைக் கட்ட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும், கட்டினால்தான் மீளளிப்புக் கணக்கில் சேரும். ஆகவே கணக்கறிக்கை கொடுப்பதற்கு முன்பே கட்டி முடிக்கப் பாருங்கள்.

கணக்கறிக்கைக்கு நான்கு மாதம். இதற்கென்று எலெக்ஷன்ஸ் கனடா இலவசமாக ஒரு மென்பொருள் தருகிறது. முதல் நாளிலிருந்தே அதில் ஏற்றிவந்தால் இந்த நான்கு மாதம் தாராளம், கடைசி வாரத்தில் உட்கார்ந்தால் நித்திரை இல்லை. 10 வீதம் எடுத்தவர்கள் எல்லோரும் கணக்காய்வாளரின் அறிக்கையும் கொடுக்க வேண்டும். நன்கொடையோ செலவோ 10,000 டொலரைத் தொட்டவர்களும் கொடுக்க வேண்டும். நேரம் போதாது என்று தெரிந்தால் கெடு முடிவதற்குள் எழுதி நீட்டிப்புக் கேளுங்கள். கொடுக்காமலே விட்டால் தோற்றவர் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது, வென்றவர் சபையில் அமர்ந்து வாக்களிக்க முடியாது.

காசு இரண்டு தடவையாக வரும். முதல் தவணை வேகமாக வரும். தேர்தல் முடிவு முறைப்படி அறிவிக்கப்பட்டதும், உங்கள் கணக்கைப் பார்க்காமலே, தொகுதி உச்சவரம்பில் 15 வீதத்தை முகவருக்கு அனுப்புவார்கள். மிச்சம், கணக்கறிக்கையைச் சரிபார்த்த பிறகு. சரிபார்ப்புக்கு மாதங்கள் ஆகும். கேள்வி கேட்டு மின்னஞ்சல் வரும், இந்தப் பில்லின் படம் தெளிவில்லை, அந்தக் காசோலை யாருக்கு என்று. கோபப்படாமல் அன்றன்றே பதில் அனுப்புங்கள். நீங்கள் தாமதித்தால் உங்கள் காசுதான் தாமதமாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகுதியின் உச்சவரம்பு 120,000 டொலர் என்று வையுங்கள். காசு கட்டிச் செய்த தேர்தல் செலவு 80,000. பழைய சைனும் வேறு பொருள் நன்கொடைகளும் சேர்ந்து 6,000. வரம்போடு ஒப்பிட வேண்டியது 86,000. நல்லது, உள்ளேதான் இருக்கிறீர்கள். மீளளிப்பு 80,000-இல் 60 வீதம், அதாவது 48,000. முதல் தவணையாக வரம்பின் 15 வீதம், 18,000 வந்துவிடும். சரிபார்த்த பிறகு 30,000. வேறொரு வேட்பாளர் அதே தொகுதியில் 20,000 மட்டுமே கட்டி 11 வீத வாக்கு எடுத்தார் என்றால், அவருக்கு உரியது 12,000தான். ஆனால் முதல் தவணையே 18,000 வந்திருக்கும்! கூடுதலாக வந்த 6,000-ஐத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குறைந்த செலவில் ஓடிய பிரசாரங்கள் இதைக் கவனிக்காமல், வந்த காசைத் தொகுதிச் சங்கத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு முழிக்க நேரும்.

இந்த மீளளிப்பை வளைக்கப் பார்த்தவர்களும் உண்டு. 2006 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி தேசிய விளம்பரச் செலவைத் தொகுதி வேட்பாளர்களின் கணக்கில் எழுதியது. காசு தலைமையிலிருந்து தொகுதிக்குப் போய், அதே வேகத்தில் தலைமைக்குத் திரும்பிவிடும். உள்ளே-வெளியே விவகாரம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. கட்சியின் தேசிய வரம்பும் தப்பும், வேட்பாளரின் பெயரில் 60 வீதமும் கேட்கலாம் என்பது கணக்கு. எலெக்ஷன்ஸ் கனடா ஒத்துக்கொள்ளவில்லை. 2008-இல் கட்சித் தலைமையகத்தில் சோதனை நடந்தது, 2011-இல் கட்சி குற்றத்தை ஒப்புக்கொண்டு 52,000 டொலர் அபராதம் கட்டியது. கட்சி மேலிடத்திலிருந்து 'இந்தப் பில்லை உங்கள் கணக்கில் போடுங்கள்' என்று யாராவது அனுப்பினால், அந்தச் சேவை உங்கள் தொகுதியில் உங்களுக்காக நடந்ததா, விலை நியாயமா என்று கேட்க முகவருக்கு முழு உரிமை உண்டு. பெரிய கட்சி, பெரிய ஆள் என்று கூச்சப்படத் தேவையில்லை. கையெழுத்து முகவருடையது.

மீளளிப்பு வந்து, கடன் எல்லாம் தீர்ந்து, கணக்கில் இன்னும் காசு மிஞ்சலாம். அது வேட்பாளரின் காசு அல்ல. முகவரின் காசும் அல்ல. கட்சி வேட்பாளர் என்றால் கட்சிக்கோ தொகுதிச் சங்கத்துக்கோ போகும், சுயேச்சை என்றால் அரசின் கருவூலத்துக்கே திரும்பிப் போகும். உபரி எவ்வளவு என்று எலெக்ஷன்ஸ் கனடா மதிப்பிட்டு அறிவித்தால் 60 நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். அதன் பிறகுதான் வங்கிக் கணக்கை மூடலாம். மூடியதற்கான கடைசி வங்கிக் கூற்றையும் கேட்பார்கள். அதையும் அனுப்பிவிட்டு, பில் பெட்டியை இன்னும் சில வருடம் பத்திரமாக வையுங்கள்.